தூக்கமின்மைக்கு நியூரோஃபீட்பேக் பயிற்சி: தொடங்கும் முன்பும் பயிற்சியின்போதும் செய்ய வேண்டியவை

படுத்த பின் மணிக்கணக்கில் புரண்டுகொண்டிருப்பவர்களும், நள்ளிரவில் விழிப்புத் தட்டினால் விடியும்வரை கண் மூட முடியாதவர்களும், மாத்திரை இல்லாத வழி ஏதேனும் உண்டா என்று தேடும்போது நியூரோஃபீட்பேக் என்ற பெயரை விரைவிலேயே எதிர்கொள்கிறார்கள். தலையில் சில மின்முனைகளைப் பொருத்தி, மூளையின் மின்னலைகளை உடனுக்குடன் அளந்து, விரும்பத்தக்க அலை மிகும் கணங்களில் ஓர் ஒலியோ படமோ பரிசாகக் கிடைக்கும்படி அமைத்து, அந்த நிலைக்கு மூளையைப் பழக்குவதே இந்தப் பயிற்சி. கருவி அளக்க மட்டுமே செய்கிறது. தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. இதை முயன்று பார்க்க நினைப்பவர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும், பயிற்சியாளரிடம் எதைக் கேட்க வேண்டும், பலன் கிடைக்கிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பயிற்சி பல வாரங்கள் நீள்வது, பணம் செலவாவது. உறங்காத மனிதரின் களைப்பும் அவசரமும் அவரைப் பெரிய வாக்குறுதிகளுக்கு எளிதில் இணங்க வைத்துவிடும். ஆகவே தொடக்கத்தில் காட்டும் நிதானம் பின்னால் மிகவும் உதவும்.

முதலில் இது தூக்கமின்மைதானா என்று உறுதி செய்யுங்கள்

உறங்கப் போதிய நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதங்களாகவோ அதற்கு மேலாகவோ, உறக்கம் வருவதில் அல்லது நீடிப்பதில் சிரமம் இருந்து, பகல் வேலையும் மனநிலையும் அதனால் பாதிக்கப்பட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இந்த வரையறைக்குள் வராத பல தொல்லைகளும் வெளிப்பார்வைக்குத் தூக்கமின்மை போலவே தோன்றும். உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக உடனிருப்பவர் சொல்வது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது ஆகியவை இருந்தால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கக்கூடும். மூளை அலைகளை எவ்வளவு பழக்கினாலும் அடைபட்ட மூச்சுப்பாதை திறக்காது. மாலையும் இரவும் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற தாங்க முடியாத உந்துதல் இருப்பவருக்கு இரும்புச்சத்துப் பரிசோதனையே முதல் தேவை. தைராய்டு மிகுதி, மனச்சோர்வு, தீராத வலி, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஆகியவையும் உறக்கத்தைக் கெடுப்பவை. பின்னிரவு 3 மணிக்குப் படுத்துக் காலை 11 மணி வரை நன்றாக உறங்குபவருக்கு இருப்பது உடல் கடிகாரத்தின் தள்ளிப்போன நேரம். அதற்கான சிகிச்சை வேறு.

எனவே முதல் படி, பயிற்சி நிலையத்தை அழைப்பதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்ப்பது. போகும்போது தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு என்ற 7 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பி எடுத்துச் செல்லலாம். அதன் மொத்த மதிப்பெண் 0 முதல் 28 வரை. 15 முதல் 21 வரை வந்தால் மிதமானது, 22 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையானது என்று கொள்வார்கள். இந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிடத் தேவைப்படும்.

இந்தப் பயிற்சி எதைப் பழக்குகிறது

மண்டையின் மேல் மின்முனை வைத்து மனித மூளையின் அலைகளை முதன்முதலில் 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அந்தப் பதிவுக்கே ஈ.ஈ.ஜி. என்று பெயர். அலைகளின் வேகம் ஹெர்ட்ஸ் என்ற அலகில், அதாவது நொடிக்கு எத்தனை முறை என்று, குறிக்கப்படுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மேலோங்கும் டெல்டா 4 ஹெர்ட்ஸுக்குக் கீழ். அரைத்தூக்கத்தில் வரும் தீட்டா 4 முதல் 8 வரை. கண்களை மூடி அமைதியாக இருக்கையில் எழும் ஆல்ஃபா 8 முதல் 13 வரை. விழிப்போடும் யோசனையோடும் மிகுவது பீட்டா, 13-க்கு மேல். தூக்கமின்மை உள்ள பலரிடம், உறக்கம் தொடங்கும் வேளையில்கூட பீட்டா போன்ற வேக அலைகள் குறையாமல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் படுத்துவிட்ட பின்னும் மூளை காவல் காப்பதை விடவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தூக்கமின்மைக்கான பயிற்சியில் பெரும்பாலும் குறிவைக்கப்படுவது எஸ்.எம்.ஆர். என்ற அலை. இது 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலானது. தலையின் உச்சியை ஒட்டிய உணர்வு-இயக்கப் பகுதியில், உடல் அசைவற்று இருந்தும் மனம் விழிப்பாக இருக்கும்போது எழுவது. இதன் கதை பூனைகளிடம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர், இந்த அலையை எழுப்பும்போதெல்லாம் பூனைகளுக்கு உணவு கொடுத்து, அதை வேண்டும்போது எழுப்ப அவற்றைப் பழக்கினார். விழிப்பில் பெற்ற அந்தப் பயிற்சி உறக்கத்திலும் தடம் பதித்தது என்பதை 1970-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள்: பூனைகளின் உறக்கத்தில் ஸ்பிண்டில் என்ற அலைத்தொடர்கள் கூடின. ஸ்பிண்டில் என்பது ஏறத்தாழ அதே வேகத்தில், அரை நொடி முதல் இரண்டு மூன்று நொடி வரை நீளும் சிறு அதிர்வு. மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் பிறப்பது. இலேசான உறக்கத்தின் இரண்டாம் கட்டத்தை அடையாளம் காட்டுவது. அது எழும் நேரத்தில் வெளியிலிருந்து வரும் ஒலி முதலியவை மூளையின் மேலடுக்கான புறணிக்குச் செல்வது குறைகிறது. பகலில் எஸ்.எம்.ஆர். அலையை வலுப்படுத்தினால் அதே தலாமஸ் சுற்று இரவில் ஸ்பிண்டில்களைத் தாராளமாக உண்டாக்கும், உறக்கம் எளிதில் கலையாது என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படை எண்ணம்.

எண்ணம் அழகானது, உயிரியல் அடிப்படையும் உள்ளது. ஆனால் மனிதரிடம் அது எந்த அளவுக்குப் பலிக்கிறது என்பது தனிக் கேள்வி. பணம் கட்டும் முன் அதற்கான விடையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

சான்றுகள் சொல்வது

1980-களின் தொடக்கத்தில் உறக்க ஆய்வாளர் பீட்டர் ஹௌரி தூக்கமின்மையாளர்களிடம் பல வகைப் பயிற்சிகளை ஒப்பிட்டார். பதற்றம் மிக்கவர்களுக்குத் தீட்டா பயிற்சியும், பதற்றம் இல்லாமலே உறங்க இயலாதவர்களுக்கு எஸ்.எம்.ஆர். பயிற்சியும் பொருந்தின, இடம் மாற்றிக் கொடுத்தால் பலன் இல்லை. எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்று சொல்லும் நிலையங்களிடம் நான் ஐயம் கொள்வதற்கு இதுவே முதற்காரணம். 2008-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கெர்ஸ்டின் ஹோட்ல்மோசர் குழுவினர், நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு 10 அமர்வுகளில் எஸ்.எம்.ஆர். பயிற்சி அளித்தபோது, அவர்கள் உறங்க எடுத்துக்கொண்ட நேரம் குறைந்தது, ஸ்பிண்டில்கள் கூடின. பெல்ஜியத்தில் ஆயிஷா கோர்டூஸ் குழு 2010-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தூக்கமின்மை உள்ள 17 பேர், ஒரு பகுதியினர் மூளை அலைப் பயிற்சியும் மற்றவர்கள் தசைத் தளர்வுப் பயிற்சியுமாக, வீட்டிலிருந்தே 8 வாரங்களில் 20 அமர்வுகள் பயின்றார்கள். தசைத் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் உறக்கம் விரைவாக வந்தது என்றாலும், மொத்த உறக்க நேரம் மூளை அலைப் பயிற்சி பெற்றவர்களிடமே கூடியது.

இதுவரை படித்தால் நம்பிக்கை பிறக்கும். அடுத்ததையும் படிக்க வேண்டும். அதே சால்ஸ்பர்க்கிலிருந்து மானுவேல் ஷாபுஸ் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் மிகக் கவனமாகச் செய்யப்பட்டவற்றுள் ஒன்று. தூக்கமின்மை உள்ள 25 பேர் உண்மையான பயிற்சியையும் போலிப் பயிற்சியையும் பெற்றார்கள். எது எப்போது நடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, அளித்தவர்களுக்கும் தெரியாது. தங்கள் உறக்கம் மேம்பட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் அந்த உணர்வு போலிப் பயிற்சியிலும் அதே அளவுக்கு இருந்தது. உறக்க ஆய்வகப் பதிவிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதாவது, கிடைத்த நன்மை ஒரு நோக்கத்தோடு அமைதியாக உட்கார்ந்ததாலும், அக்கறையோடு ஒருவர் கவனித்ததாலும், எதிர்பார்ப்பாலும் வந்திருக்கலாம். அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2021-இல் வெளியிட்ட நடத்தைச் சிகிச்சை வழிகாட்டுதலும், உடலின் அளவுகளை உடனுக்குடன் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக் முறைக்கு (நியூரோஃபீட்பேக் அதன் ஒரு வகை) பரிந்துரை எதுவும் அளிக்கப் போதிய சான்று இல்லை என்றே சொல்கிறது.

இதனால் பயிற்சியே வீண் என்று நான் கருதவில்லை. தீங்கு குறைவான, சிலருக்கு உண்மையிலேயே ஆறுதல் தந்த ஒன்றை, அதன் அளவு அறிந்து, முதலிடம் கொடுக்காமல் முயலலாம் என்பதே என் நிலைப்பாடு.

முதலிடம் எதற்கு

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலும் ஐரோப்பிய வழிகாட்டுதல் 2017-இலும், நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சையாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே பரிந்துரைத்தன. சி.பி.டி.-ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதைப் பெரும்பாலும் 4 முதல் 8 அமர்வுகளில் முடித்துவிடலாம். இதன் இரு தூண்கள் எளிமையானவை, ஆனால் கடைப்பிடிக்கக் கடினமானவை. முதலாவது, உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1970-களில் வகுத்தது: தூக்கம் கண்களை அழுத்தும்போது மட்டுமே படுக்கைக்குப் போவது, ஏறத்தாழ 20 நிமிடம் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் சென்று மங்கிய வெளிச்சத்தில் அமைதியான எதையாவது செய்வது, தூக்கம் வந்தபின் மட்டுமே திரும்புவது, எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. இரண்டாவது, உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் வகுத்தது: உண்மையில் உறங்கும் நேரத்தின் அளவுக்குப் படுக்கை நேரத்தைச் சுருக்கி, உறக்கம் திரண்ட பின் சிறிது சிறிதாக நீட்டுவது. சுருக்கினாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும் வாகனமோ ஆபத்தான எந்திரமோ இயக்குபவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

இந்தச் சிகிச்சையை ஒழுங்காக முயலாதவர் நேராக நியூரோஃபீட்பேக்குக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். முயன்றும் பாதிப் பலனே கிடைத்தவர், அல்லது உடலும் மனமும் தளர மறுப்பதால் அந்த விதிகளைக் கடைப்பிடிக்கவே முடியாமல் திணறுபவர், பயிற்சியைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் எழும் நேரமும் படுக்கை விதிகளும் கைவிடப்படக் கூடாது.

இரண்டு வாரக் குறிப்பு

பயிற்சியைத் தொடங்கும் முன் 14 நாட்களுக்கு உறக்கக் குறிப்பு எழுதுங்கள். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், நினைவிலிருந்து உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவது தொல்லையைக் கூட்டும். ஓர் இரவின் குறிப்பு இப்படி இருக்கலாம்: 10.30-க்குப் படுத்தேன்; ஏறத்தாழ 11.45-க்கு உறங்கினேன், 2 மணியளவில் விழித்து 40 நிமிடம் கிடந்தேன், 5.30-க்கு இறுதியாக விழித்தேன், 6.15-க்குப் படுக்கையை விட்டு எழுந்தேன். இங்கே படுக்கையில் கழிந்தது 465 நிமிடம். 11.45 முதல் 5.30 வரை 345 நிமிடம்; அதில் விழித்துக்கிடந்த 40 போக உறங்கியது 305 நிமிடம். உறங்கியதைப் படுக்கை நேரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 66 விழுக்காடு. இதை உறக்கத் திறன் என்பார்கள். 85-க்கு மேல் இருப்பது நல்லது.

அன்றாடக் குறிப்பில் காபி, தேநீர் குடித்த கடைசி நேரம், மது, பகல் தூக்கம், உட்கொண்ட மாத்திரை ஆகியவையும் இடம்பெற வேண்டும். காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆவதால், மாலை 5 மணிக்குக் குடித்த காபி இரவு 10 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு வாரச் சராசரி மூன்று எண்களாகச் சுருங்கும்: உறங்க எடுக்கும் நேரம், இடையில் விழித்துக்கிடக்கும் நேரம், உறக்கத் திறன். பயிற்சியின் வெற்றி தோல்வியை இவையே காட்டும். தினசரி ஏற்ற இறக்கம் மிகுதி என்பதால், ஒரு நல்ல இரவை வைத்தோ ஒரு கெட்ட இரவை வைத்தோ எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது

இத்துறையில் கருவி வாங்கியவர் யாரும் பலகை மாட்டிவிட முடியும் என்பதால் கேள்விகள் கேட்பது அவசியம். உளவியல், மருத்துவம் அல்லது அவற்றைச் சார்ந்த துறையில் உரிமம் பெற்றவரா? மூளை அலைப் பயிற்சியில் முறையான சான்றிதழ் உண்டா? பன்னாட்டு அளவில், 1981-இல் தொடங்கப்பட்ட பி.சி.ஐ.ஏ. என்ற அமைப்பு இதற்குச் சான்று வழங்கி வருகிறது. தூக்கமின்மை உள்ளவர்களோடு பணியாற்றிய அனுபவம் உண்டா, சி.பி.டி.-ஐ பற்றி அவருக்கு என்ன தெரியும்? எந்த அலையை, தலையில் எந்த இடத்தில், எதற்காகப் பழக்கப்போகிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் ஓரிரு வாக்கியங்களில் தெளிவாக விடை சொல்ல வேண்டும். “மூளையைச் சமன்படுத்துவோம்” என்பது விடையாகாது.

சிலர் முதலில் 19 மின்முனைகள் கொண்ட முழுத் தலைப் பதிவு எடுத்து, வண்ண வரைபடங்களோடு ஓர் அறிக்கை தருவார்கள். கியூ.ஈ.ஈ.ஜி. என்ற இந்தப் பதிவு சில வேளைகளில் திட்டம் வகுக்க உதவலாம். ஆனால் தூக்கமின்மையைக் கண்டறிய அது தேவையில்லை, அதிலுள்ள சிவப்பு நிறம் நோயைக் குறிப்பதும் இல்லை. முழுக் குணம் உறுதி என்பவர், முதல் நாளே 40 அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவர், மருத்துவரிடம் கேட்காமல் தூக்க மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகிவிடுங்கள். முதலில் 10 அமர்வுகள், பிறகு இருவரும் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்து முடிவெடுப்பது என்ற ஏற்பாட்டுக்கு நேர்மையான பயிற்சியாளர் மறுப்புச் சொல்லமாட்டார்.

உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் பீட்டா அலையைக் கூட்டுவதால், பதிவைப் படிப்பவருக்கு அந்தத் தகவல் தெரியாவிட்டால் தவறான முடிவுக்கு வருவார். அந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், வலிப்பும் வரக்கூடும். குறைப்பது மருத்துவரின் திட்டப்படி, படிப்படியாக மட்டுமே. வலிப்பு நோய் வரலாறு உள்ளவர்கள் பயிற்சிக்கே மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும்.

அமர்வு நடக்கும் விதம்

போகும் முன் தலைமுடியை அலசி, எண்ணெயோ முடிக்களிம்போ இல்லாமல் உலரவிட்டுச் செல்லுங்கள். பயிற்சியாளர் அளவுநாடாவால் மூக்கின் மேடு முதல் பிடரி எலும்பு வரையிலும், காதிலிருந்து காது வரையிலும் அளந்து இடத்தைக் குறிப்பார். எஸ்.எம்.ஆர். பயிற்சியில் அது பெரும்பாலும் உச்சியிலோ அதற்குச் சற்று வலப்புறத்திலோ இருக்கும். அந்தப் புள்ளியில் தோலைச் சொரசொரப்பான களிம்பால் இலேசாகத் தேய்த்து, மின்சாரம் கடத்தும் பசையோடு ஒரு சிறிய வட்ட மின்முனையை ஒட்டுவார். இரு காது மடல்களிலும் கவ்விகள் மாட்டப்படும். தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடையை அவர் அளந்து பார்க்க வேண்டும். 5 கிலோ ஓம் அளவுக்குக் கீழே இருப்பதே நல்ல தொடர்பு. இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்குபவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

தொடங்கும் முன் ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பாருங்கள். திரையில் அலைகள் ஓடும்போது பற்களை இறுகக் கடியுங்கள்: கோடு முழுவதும் அடர்ந்த முள்காடாக மாறும். கண்களைச் சிமிட்டுங்கள்: பெரிய மெதுவான குன்று ஒன்று எழும். இவை தாடைத் தசையிலிருந்தும் கண்ணிலிருந்தும் வருபவை. மூளைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. தாடையையும் நெற்றியையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கருவி தசையை அளந்து அதற்குப் பரிசு கொடுத்துவிடும் அபாயம் உண்டு. நல்ல மென்பொருள் இத்தகைய கணங்களில் பரிசை நிறுத்திவிடும். நாக்கைத் தளரவிட்டு, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல், தோள்களை இறக்கி வைத்து அமர்வதே சரியான நிலை.

முதலில் இரண்டு மூன்று நிமிடங்கள் எதுவும் செய்யாமல் பதிவு எடுக்கப்படும். பிறகு 3 முதல் 5 நிமிடச் சுற்றுகளாக, இடையில் சிறு ஓய்வோடு, 20 முதல் 30 நிமிடம் பயிற்சி நடக்கும். ஒட்டுவதும் துடைப்பதும் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலை ஒரு வரம்புக்கு மேலே போகும்போதும், தீட்டாவும் உயர் பீட்டாவும் தம் வரம்புகளுக்குக் கீழே இருக்கும்போதும் ஒலி கேட்கும், அல்லது திரையில் படம் நகரும். வரம்பு மிக உயரமாக இருந்தால் பரிசு கிடைக்காமல் மனம் சோரும். மிகத் தாழ்வாக இருந்தால் கற்க எதுவும் இராது. மொத்த நேரத்தில் பாதிக்கு மேலாகப் பரிசு கிடைக்கும்படி வைத்துக்கொண்டு, போகப் போக உயர்த்துவதே பொதுவான வழக்கம்.

அந்த ஒலியை எப்படி வரவழைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். முயற்சியால் அது வராது. “வா, வா” என்று திரையை முறைத்துப் பார்த்தால் பீட்டா ஏறும், ஒலி நிற்கும். வெளிமூச்சை நீட்டி விட்டு, உடலை அசையாமல் வைத்து, ஒலி வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அது தானாக வரத் தொடங்கும். அந்த வேளையில் உடல் எப்படி இருந்தது, மூச்சு எப்படி இருந்தது என்பதை அமர்வு முடிந்ததும் ஓரிரு வரிகளில் எழுதிவையுங்கள். உறங்க முயல்வதே உறக்கத்தை விரட்டுகிறது என்பதைத் தூக்கமின்மையாளர் பலமுறை கேட்டிருப்பார். அதைத் தன் உடலிலேயே, நொடிக்கு நொடி, கண்ணெதிரே காண்பது வேறு அனுபவம். இந்தப் பயிற்சியின் மிக மதிப்புள்ள பகுதியாக நான் கருதுவது அதைத்தான். அமர்வில் தூங்கிவிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள், எஸ்.எம்.ஆர். என்பது அமைதியான விழிப்பின் அலை.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் என்ற இடைவெளி பொதுவானது. ஆரம்ப நாட்களில் சிலருக்கு இலேசான தலைவலி, களைப்பு, எரிச்சல் வருவதுண்டு. சிலருக்கு உறக்கமே சற்றுக் கெடுவதும் உண்டு. மறுநாளும் நீடித்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவர் சுற்றுகளைக் குறைப்பார், அல்லது அமர்வைக் காலை நேரத்துக்கு மாற்றுவார், அல்லது பழக்கும் அலையையே மறுபரிசீலனை செய்வார். மூன்று அமர்வுகளுக்கு மேலும் தொல்லை தொடர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இடைப்பட்ட நாட்களும் இரவுகளும்

பயிற்சி அறையில் பெற்ற அமைதியைக் கருவி இல்லாமல் எழுப்பப் பழகாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். தினமும் பகலில் 10 நிமிடம், அமர்வில் அமர்ந்த அதே முறையில், தாடை தளர்ந்து, வெளிமூச்சு நீண்டு, அசையாமல் உட்காருங்கள். இதைப் படுக்கையில் செய்யாதீர்கள். படுக்கையில் செய்தால் இதுவும் உறங்குவதற்கான இன்னொரு முயற்சியாகிவிடும். இரவில் உறக்கம் வராதபோது எஸ்.எம்.ஆர். வருகிறதா என்று உள்ளே துழாவிப் பார்ப்பதும் கூடாது. அப்போது எழுந்து வேறிடம் செல்வது என்ற பழைய விதியே பொருந்தும்.

வீட்டில் அணியும் தலைப்பட்டைகள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, முடி இல்லாத நெற்றியிலும் காதின் பின்புறத்திலும்தான் உலர் மின்முனைகளை வைக்கின்றன. நெற்றி என்பது கண் சிமிட்டலும் தசை இறுக்கமும் மிகுதியாகக் கலக்கும் இடம், எஸ்.எம்.ஆர். பழக்க வேண்டிய உச்சியோ அவற்றுக்கு எட்டாது. மூச்சையும் தளர்வையும் பழக ஒரு துணையாக அவற்றைக் கொள்ளலாம். மேலே சொன்ன பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

தொடர்வதா நிறுத்துவதா

பத்தாவது அமர்வுக்குப் பின் கடைசி 14 இரவுகளின் சராசரியை எடுத்து, தொடக்கத்தில் எடுத்த மூன்று எண்களோடு ஒப்பிடுங்கள்; 7 கேள்விப் படிவத்தையும் மறுபடி நிரப்புங்கள். பயிற்சியாளர் காட்டும் வரைபடத்தில் எஸ்.எம்.ஆர். ஏறியிருக்கலாம், உறங்கும் நேரம் மாறாமல் இருந்தால் அந்த ஏற்றத்தால் உங்களுக்குப் பயன் இல்லை. மாறாக, வரைபடம் தட்டையாக இருந்தும் உறங்க எடுக்கும் நேரம் 75 நிமிடத்திலிருந்து 40-க்கு வந்திருந்தால் அது பெரிய மாற்றம்; காரணம் எதுவானாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். படிவத்தின் மதிப்பெண் 8 அளவுக்குக் குறைந்திருந்தால் தெளிவான முன்னேற்றம் என்று கொள்ளலாம். சிறிதளவே நகர்ந்திருந்தால் இன்னும் 10 அமர்வுகள் தரலாம். எதுவுமே அசையவில்லை என்றால் பயிற்சியாளர் குறிக்கோளை மாற்றிப் பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டு, ஐந்தாறு அமர்வுகளுக்கு மேல் நீட்டாமல் நிறுத்துங்கள். 20 அமர்வுகளில் மாற்றம் இல்லாதவருக்கு 40 தேவை என்று சொல்லப்பட்டால், அதற்கு அடிப்படை என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்தக் காலத்தில் மனம் மிகவும் தாழ்ந்து வாழ்வில் பிடிப்பு அற்றுப்போவதாகத் தோன்றினாலோ, பல இரவுகள் உறக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் பொங்கினாலோ, வண்டி ஓட்டும்போது கண் செருகினாலோ, அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பலன் கண்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டி முடிப்பது நல்லது. முடித்து 3 மாதம் ஆனதும் ஒரு வாரம் மட்டும் குறிப்பு எழுதுங்கள். எண்கள் மறுபடி சரிந்திருந்தால், புதிய அமர்வுகளுக்குப் பதிவு செய்யும் முன், காலையில் எழும் நேரம் தளர்ந்துவிட்டதா, பகல் தூக்கம் சேர்ந்துவிட்டதா, விழித்தபடி படுக்கையில் கிடப்பது கூடிவிட்டதா என்று குறிப்பேட்டில் பாருங்கள். அவற்றைச் சீர்செய்து இரண்டு வாரம் பொறுத்த பின்னும் நிலை தேறாவிட்டால் மட்டும் பயிற்சியாளரை மறுபடி அணுகுங்கள்.